110 ஜெற்றைக் கழற்றி 100ஐப் பூட்டினேன், வண்டி மலை ஏறுகிறது

சரிவந்துவிட்டது. திருகோணமலை உப்புவெளிக் கடற்காற்றில் நின்று செற் பண்ணிய என் ஹொண்டா சிஜி125 மோட்டார்சைக்கிள், நுவரெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டப் பாதையில், மூன்றாம் கியரில் முழுத் திறப்பில், எங்கேயும் திக்காமல் இழுத்தது. கறுப்புப் புகை இல்லை, மூச்சடைப்பு இல்லை. மலையில் போய் நின்றுகொண்டு ஜெற் (காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு) மாற்றி மாற்றித் தேடாமல், இங்கேயே கணக்குப் பார்த்துக் கொண்டுபோன ஜெற்றிலேயே ஓடியதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.

எனக்கு ஆசை மஹகஸ்தொட்ட மலையேற்றம். 1934இல் தொடங்கிய போட்டி, இன்றைக்கும் சித்திரை சீசனோடு நுவரெலியாவில் நடப்பது. ஒருவர் பின் ஒருவராக விடுவார்கள், மணிக்கூட்டோடுதான் போட்டி. நம் நாட்டுப் பந்தய நாட்காட்டியில் மற்றதெல்லாம் பெரும்பாலும் மண் ஓட்டம். படை முகாம்களை ஒட்டிய தடங்கள்: சாலியபுரவில் கஜபா, மின்னேரியாவில் கன்னர்ஸ், விமானப்படையின் சீகிரிய ரலி குரொஸ், தியத்தலாவையில் பொக்ஸ் ஹில். எங்களுக்கு ஹொறவப்பொத்தானை வழியாகச் சாலியபுரவுக்குப் போய்விடலாம். ஆனால் மண்ணுக்கு முதலில் சஸ்பென்ஷனில் காசைக் கொட்டவேண்டும், என் வண்டி தார் வண்டி. பொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரலில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பாய்ந்து, ஏழு பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு எந்தப் போட்டியானாலும் சனம் எங்கே நிற்கிறது, தடுப்பு எங்கே போட்டிருக்கிறது என்றுதான் என் கண் முதலில் போகிறது.

சரி, காபரேற்றருக்கு வருவோம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஐந்தில் நாலு பங்கு மட்டில்தான். ஆனால் அங்கே குளிர், குளிர்காற்று அடர்த்தி கூடியது, அது கொஞ்சத்தைத் திருப்பித் தந்துவிடும். பங்குனி வெயிலில் 33 பாகை காயும் திருகோணமலையையும் காலையில் 17 பாகை நிற்கும் நுவரெலியாவையும் வைத்துப் பார்த்தால், காற்றின் அடர்த்தி இங்கே உள்ளதில் ஏறத்தாழ 84 சதவீதம். பலர் இந்த இடத்தில் நின்றுவிட்டு “16 சதவீதம் குறைவு, அப்போ ஜெற்றையும் 16 சதவீதம் குறை” என்கிறார்கள். அது கூடிப்போகும். காற்று மெலிந்தால் வெஞ்சூரியின் (காபரேற்றரின் ஒடுங்கிய தொண்டை) உறிஞ்சலும் மெலியும், பெற்றோலும் தானாகவே கொஞ்சம் குறைந்துதான் ஏறும். கணக்கு வர்க்கமூலத்தில் போகிறது: 0.84இன் வர்க்கமூலம் 0.92க்குக் கிட்ட. ஆகவே குறைக்க வேண்டியது எட்டு, ஒன்பது சதவீதம். என்னுடையது மிக்குனி விஎம்26 காபரேற்றர். இங்கே 110இல் வடிவாக ஓடுகிறது. அப்போ அங்கே 100.

இதே கணக்கைக் கெய்ஹின் காபரேற்றர் வைத்திருப்பவர்கள் அப்படியே எடுக்கக்கூடாது. மிக்குனியின் அறுகோண ஜெற்றில் இருக்கும் எண் பெற்றோல் பாயும் அளவு. கெய்ஹினில் எண் துளையின் விட்டம், 110 என்றால் 1.10 மில்லிமீற்றர். விட்டத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பாய்ச்சல் இரட்டிப்பாகக் குறையும், ஆகவே கெய்ஹின்காரருக்கு 110இல் இருந்து 105 போதும். இதைச் சொல்லாமல் “பத்து நம்பர் இறக்கு” என்று எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெற்றோல் குறைந்து மெலிந்த கலவையில் முழுத் திறப்பில் மலை ஏறினால் பிஸ்ரன் தலையில் ஓட்டை விழும், அந்தக் காசை யார் தருவது?

அடுத்த தலையிடி போலி ஜெற். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு உதிரிப்பாகக் கடையில் வாங்கிய பொதியில் 95, 100, 105 என்று அழகாக அச்சடித்திருந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் 100இன் துளை விளிம்பு பிசிறு, ஒரு பக்கம் சரிந்த மாதிரி. சந்தேகம் வந்தால் அளந்துதான் தீரவேண்டும். மருந்துக் கடையில் 60 மில்லிலீற்றர் ஊசிக்குழாய் ஒன்று வாங்கி, உந்துதண்டை எடுத்துவிட்டு, முனையில் பெற்றோல் குழாய் ஒரு துண்டு, அதன் நுனியில் ஜெற். மாமரக் கிளையில் நேராகக் கட்டித் தொங்கவிட்டு, மேல் கோட்டில் இருந்து கீழ்க் கோட்டுக்குப் பெற்றோல் இறங்கும் நேரத்தைப் போனில் எடுத்தேன். நேரம் எத்தனை செக்கன் என்பது முக்கியமில்லை, ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் முக்கியம். நல்ல 110ஐ விட நல்ல 100க்குப் பத்தில் ஒரு பங்கு நேரம் கூட எடுக்கவேண்டும். அந்தப் பொதியின் “100” என் நல்ல 110ஐ விடக் கெதியாக வடித்துத் தள்ளியது! அதை நம்பி ஏற்றியிருந்தால், மலையில் பெற்றோல் கூடிக் கலவை தடித்து வண்டி இருமிக்கொண்டே நின்றிருக்கும். நானும் கணக்குப் பிழை என்று நினைத்திருப்பேன்.

இரண்டு விடயம் கவனியுங்கள். எல்லா ஜெற்றையும் ஒரே விடியலில், ஒரே போத்தல் பெற்றோலில் அளக்கவேண்டும், வெயில் ஏறினால் பெற்றோல் இளகி நேரம் மாறும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது. கடைசியில் கராஜ் அண்ணை தன் பழைய தகரப் பெட்டியில் இருந்து ஒரு அசல் 100ஐ எடுத்துத் தந்தார். “தம்பி, இது ஜப்பான் சாமான், இருபது வருசமா ஒருத்தரும் கேக்கேல்ல” என்றார். பித்தளை கொஞ்சம் பச்சை பிடித்திருந்தது, எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு எதுதான் தப்பும்? கழுவி அளந்தால் நேரம் கச்சிதம்.

110 சரி என்பதை நிலாவெளி தாண்டிய ஆளில்லாத நேர்ப் பாதையில் விடியப்புறம் பிளக் பார்த்து உறுதி செய்திருந்தேன். மூன்றாம் கியரில் முழுத் திறப்பில் போய், கிளச்சைப் பிடித்து, அதே கணம் எஞ்சினை நிறுத்தி, உருண்டு நின்ற இடத்தில் கழற்றவேண்டும். ஸ்லோவில் ஓடவிட்டுக் கொண்டுவந்தால் பார்த்ததில் பயனில்லை. பிளக் டி8ஈஏ. ஈயமில்லாத பெற்றோலில் நுனியின் நிறம் பொய் சொல்லும், பீங்கான் உள்ளே இரும்போடு சேரும் அடியில் வரும் மெல்லிய பழுப்பு வளையத்தைத்தான் உருப்பெருக்கியால் பார்க்கவேண்டும். வளையம் இல்லையென்றால் மெலிவு, கரிபோல் தடித்திருந்தால் தடிப்பு.

மலைக்கு வண்டி போனது மரக்கறி லொறியில். நுவரெலியாவில் இருந்து கரட், லீக்ஸ் கொண்டுவரும் லொறி இங்கிருந்து கருவாடு ஏற்றித் திரும்பும், அதில் ஒரு ஓரம் கிடைத்தது. தோட்டத்து ஐயாவிடம் அனுமதி எடுத்துத்தான் அந்தப் பாதையில் ஓடினேன். முதலில் வேண்டுமென்றே 110உடனேயே விட்டுப் பார்த்தேன்: பாதி திறப்பு வரை போகும், அதற்கு மேல் “பொக்… பொக்…” என்று அடைக்கும். 100ஐப் போட்டதும் மேல் பாதி திறந்துகொண்டது. நடுவில் மிச்சமிருந்த சோம்பலுக்கு காபரேற்றருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலே ஏற்றினேன், ஊசி இறங்கிக் கலவை மெலிந்தது. காற்றுத் திருகாணி அரைச் சுற்று வெளியே. பிளக்கில் அதே பழுப்பு வளையம்!

அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் போட்டியை நினைத்துப் பாருங்கள். தொடக்கம் 2,862 மீற்றர், முடிவு 4,302 மீற்றர், ஒரே ஓட்டத்தில். காபரேற்றர் காலத்தில் அங்கே ஓடியவர்கள் அடிவாரத்துக்குச் சரியான ஜெற்றைப் போடுவதா, உச்சிக்குச் சரியானதைப் போடுவதா? எதைப் போட்டாலும் ஒரு பாதி பிழைக்கும். மஹகஸ்தொட்ட அந்த வகையில் எங்களுக்குக் கருணை காட்டுகிறது, தொடங்கும் இடத்தில் சரியென்றால் முடியும் இடத்திலும் சரி.

ஒன்று சொல்லவேண்டும். ஜெற் எவ்வளவு சரியானாலும் இல்லாத காற்றை அது கொண்டுவராது. பவரில் ஆறில் ஒரு பங்கு மலையிலேயே போய்விடும். அதற்குக் கியரிங்தான் வழி. பின் ஸ்புரொக்கற்றில் இரண்டு பல் கூட்டலாம் என்று இருக்கிறேன், 428 செயினுக்கு. காற்று மெலிந்த இடத்தில் நொக் அடிக்கும் (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும்) பயமும் குறைவு, ஆகவே ஹெட்டைக் கொஞ்சம் சீவிக் கொம்பிரஷன் ஏற்றலாம். ஆனால் அந்த ஹெட்டோடு திருகோணமலை வெயிலில் ஓடமுடியாது, தனி ஹெட் ஒன்று தேடவேண்டும்.

எங்கள் பொடியளுக்குத் தார்ப் பயிற்சிக்கு இடமே இல்லை என்பதும் மனதை அரிக்கிறது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை, சென்னைக்கு வெளியே சோழவரம், இரண்டும் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுபாதைகள், இரண்டிலும் பந்தயம் நடந்தது. சோழவரத்தில் பழகிய ஊருக்கு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடமே வந்துவிட்டது. எங்கள் சீனக்குடாவிலும் அதே போர்க்காலத்து விமானத்தளம் இருக்கிறது. விமானப்படை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் மைல் நேர் ஓட்டத்துக்காவது திறந்துவிட்டால், மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பொடியள் எல்லாரும் ஹெல்மெற்றோடு வருவார்கள். இதை எழுத்தில் கேட்கப்போகிறேன், கையெழுத்துப் போட விருப்பமானவர்கள் சொல்லுங்கள். கைக்குக் காசு சேர்ந்தால் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பயிற்சி வகுப்புக்கும் போகவேண்டும்.

இப்போதைக்கு ஸ்புரொக்கற் கடைசலில் இருக்கிறது. முன் பிரேக் டிரம் சூட்டில் பிடி தளர்கிறது, புது சூ போட்டு உராய்த்துப் பழக்கவேண்டும். அசல் மிக்குனி 95 ஒன்று யாரிடமாவது மிகுதியாக இருந்தால் தாருங்கள், விடியக் குளிர் குறைந்து மத்தியானம் ஓட விட்டால் அது தேவைப்படலாம். ஊசிக்குழாயில் அளந்து பார்த்துத்தான் எடுப்பேன்.