கரண்டகத்துச் சுண்ணாம்பும் காணாமல் போன தேங்காயும்

பெருக்கலுக்கும் வாய்ப்பாடு, மூலக்கூறில் எந்த அணு எத்தனை என்று காட்டுவதற்கும் வாய்ப்பாடு. ஒரே சொல் இருப்பதுதான் வம்பு. இரண்டையும் பிள்ளைகள் ஒரே ராகத்தில் ஒப்பிக்கிறார்கள். காரைக்குடியில் வீட்டு முகப்பில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். முதல் வருடம் நானும் உருப்போடத்தான் வைத்தேன். தேர்வில் பாதிப் பேர் நீற்றிய சுண்ணாம்புக்கு அடைப்புக்குறி போடவில்லை. பிழை என்னுடையது.

ஒருநாள் பேத்தியை அழைத்துப்போக வந்த ஆச்சி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடியே, "சுண்ணாம்புக்குக்கூடவா தம்பி பாடம்?" என்று கேட்டார். அவருடைய கரண்டகத்தை, அந்தச் சுண்ணாம்புச் சிமிழை, வாங்கிப் பிள்ளைகள் நடுவில் வைத்தேன். இதில் கால்சியம் ஒன்று, 'ஓஎச்' இரண்டு; எழுதினால் Ca(OH)₂. ஓஎச் என்பது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை; ஆக்சிஜன் தேங்காய், ஹைட்ரஜன் பழம். பைக்கு ஒன்றொன்று. அடைப்புக்குறிதான் பை, வெளியே நிற்கும் 2, பைகளின் எண்ணிக்கை. குறியை விட்டுவிட்டால்? "பழம் ரெண்டு இருக்கு, ஒரு தேங்காயைக் காணோம்!" என்றாள் பேத்தி. அதன்பின் அந்த வகுப்பில் யாரும் அடைப்புக்குறியை மறக்கவில்லை.

நம் ஊர் வீடுகளின் சுவர்ப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவைத்தான் பெருமையாகச் சொல்வோம். இறுகும் வேலையைச் செய்வது சுண்ணாம்பு. கிளிஞ்சலில் கால்சியம் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. காளவாயில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. நீர் விட்டால் நீற்றிய சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கி, நீரை விட்டு, பழையபடி கிளிஞ்சலின் வாய்ப்பாட்டுக்கே திரும்புகிறது. பலகையில் இதை வட்டமாக எழுதுங்கள்; வரிசையாக எழுதினால் பாதிச் சுவை போய்விடும்.

இதைக் கண்ணால் காட்டலாம். சுண்ணாம்பைக் கரைத்து இரவெல்லாம் தெளியவைத்து, தெளிவை மட்டும் இறுத்து, உறிஞ்சுகுழலால் மெல்ல ஊதினால், மூச்சிலுள்ள அதே வாயுவால் பால்போல வெளுக்கும். தொடர்ந்து ஊதினால் மறுபடி தெளியும். ஊதுவதை நீங்களே செய்யுங்கள். பிள்ளைகள் மறந்துபோய் உறிஞ்சிவிடுவார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டுக் காட்டவே வேண்டாம்; கொதித்துத் தெறிக்கும்.

ஆப்பச் சோடாவையும் சலவைச் சோடாவையும் அருகருகே எழுதவையுங்கள். முன்னதில் சோடியம் ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று. பின்னதில் அந்த ஹைட்ரஜன் இருந்த இடத்தில் இன்னொரு சோடியம். சோடியத்துக்கு ஏன் 'என்ஏ' என்று கட்டாயம் கேட்பார்கள். நேட்ரியம் என்ற லத்தீன் பெயர் என்று சொல்லிவிட்டு நகருங்கள். சர்க்கரையில் கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. இதை எட்டாம் வகுப்பில் எண்ணவைப்பது வீண் வேலை.

ஒரு பையன் மிளகாய்ப்பொடிக்கு வாய்ப்பாடு கேட்டான். நல்ல கேள்வி. எந்த ஊர் உப்பானாலும் ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின்தான். பொடி கலவை, அதன் அளவை ஆச்சியிடம் கேள் என்றேன். மறுநாள் மூன்று வீட்டு ஆச்சிகளிடமிருந்து மூன்று அளவுகளோடு வந்தான்.