இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தட்

இன்று மதியம் ரிவ்யூவுக்கு வந்த கோடில், கோப்புகளைச் சேமிக்கும் சர்வீஸின் இன்டர்ஃபேஸில், அதாவது என்னென்ன செய்யலாம் என்று அறிவிக்கும் பட்டியலில், ‘டெலீட்’ என்றொரு மெத்தட் (அழைத்தால் இயங்கும் செயல்) புதிதாகச் சேர்ந்திருந்தது.

அறிவித்ததைச் செய்து தரும் கோட் கிளாஸில் இருக்கும். எதையும் அழிக்கக் கூடாத ஆவணக் காப்பகத்துக்கான கிளாஸிலோ, அந்த மெத்தடுக்குள் எக்செப்ஷனை (‘முடியாது’ என்று ஓட்டத்தை இடைமறிக்கும் பிழையை) எறியும் ஒற்றை வரி மட்டுமே இருந்தது.

அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. இன்டர்ஃபேஸ் என்பது பயன்படுத்துபவருக்குக் கொடுக்கும் வாக்கு. நிறைவேற்ற முடியாததை அதில் எழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். டெலீட்டைத் தனி இன்டர்ஃபேஸாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜாவா மொழியில், பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர் இன்டர்ஃபேஸில் உள்ள ‘ரிமூவ்’ இப்படிப்பட்டதுதான். மாற்ற முடியாத பட்டியலில் அதை அழைத்தால், ஓட்டுவதற்கு முன் கோடைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்ட கோட், ஓடும்போது எக்செப்ஷனில் விழுகிறது.

வெளியிட்ட பிறகு திருத்துவதும் எளிதன்று. ஏற்கெனவே பலர் தங்கள் கிளாஸ்களில் இம்ப்ளிமென்ட் செய்துவிட்ட (கோடாக எழுதிவிட்ட) இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தடைச் சேர்த்தால், அவர்கள் அனைவருடைய கிளாஸ்களும் கம்பைல் ஆகாமல் போகும். பழைய கலெக்‌ஷன் இன்டர்ஃபேஸில் ‘ஸ்ட்ரீம்’ சேர்ப்பதற்கு, 2014இல் வெளிவந்த ஜாவா 8, மெத்தடின் கோடையும் இன்டர்ஃபேஸிலேயே எழுதிவைக்கும் டிஃபால்ட் மெத்தட் என்ற வசதியை மொழிக்குள்ளேயே கொண்டுவர வேண்டியிருந்தது.

கோ மொழியில் தரவைப் படிப்பதற்கான ‘ரீடர்’ இன்டர்ஃபேஸ் மீது எனக்குள்ள மதிப்பு இதனால்தான். அதில் ‘ரீட்’ என்ற ஒரே மெத்தட். கோப்பு, நெட்வொர்க் இணைப்பு, ஜிசிப் முறையில் சுருக்கிய தரவை விரிக்கும் பிரிப்பான் ஆகிய மூன்றும் அதற்குள் அடங்குகின்றன. மூடவும் வேண்டுமென்றால் ‘குளோசர்’ தனியே இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ‘ரீட்குளோசர்’.