சிதம்பரம் போகாத பிரதோஷம்

சிதம்பரத்துக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. கிளம்புகிற வாரம் பார்த்து பெரியம்மாவுக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. எழும்பூரில் படி ஏறி இறங்க முடியாது என்று நான்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆகாசம் சிதம்பரத்துல மட்டுமாடா இருக்கு? திருவான்மியூர் போயிட்டு வரலாம். பிரதோஷம் வேற."

பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்குத் தில்லை. அங்கே திரையை விலக்கினால் சுவரும் பொன் வில்வ மாலையும்தான், உருவம் எதுவும் இல்லை. பெரியம்மா மூன்று முறை அந்த ரகசியத்தைப் பார்த்திருக்கிறார். நான் போன ஒரே முறை, முன்னால் நின்றவரின் தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் குறை எனக்கு இருந்தது.

பிரதோஷத்துக்கு நேரம் இருந்ததால் காலையில் தனியாக அடையாறு பிரம்மஞான சபைக்கு (தியசாபிகல் சொசைட்டி) போனேன். 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் தொடங்கிய சபை, 1882இல் இந்த ஆற்றங்கரைத் தோட்டத்தை வாங்கி இங்கேயே வேர்விட்டது. மேலை நாட்டவருக்கு 'ஆகாசம்' என்ற சொல் பழகியதில் இந்தச் சபைக்குப் பெரிய பங்கு. நம் நூல்களை மொழிபெயர்த்தவர்கள் பலர் ஆகாசத்தை 'ஈதர்' என்றே எழுதிவிட்டார்கள். ஒளி பயணம் செய்ய வெளியெங்கும் ஏதோ ஒரு பொருள் நிறைந்திருக்க வேண்டும் என்று அன்றைய இயற்பியல் நம்பியது. அதன் பெயர்தான் ஈதர். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் சோதனை செய்து பார்த்தார்கள். அதன் சுவடே கிடைக்கவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் அது தேவையே இல்லை என்றார். ஆகாசமும் ஈதரும் ஒன்றல்ல, ஈதர் அதைவிடப் பருமையானது என்று பிளாவட்ஸ்கியே எழுதியிருக்கிறார். யார் கேட்டார்கள்? அப்புறம் அதே சபையின் லெட்பீட்டர், நடந்ததெல்லாம் ஆகாசத்தில் பதிந்து கிடக்கிறது, ஞானக்கண் உள்ளவர் படிக்கலாம் என்று எழுதினார். மேலுலகத்துச் சார்பதிவாளர் அலுவலகம் போல! அந்த வேலைக்கு நம்மிடம் சித்திரகுப்தன் ஏற்கெனவே இருக்கிறார். எனக்கு இந்தப் பதிவேட்டில் மனம் ஒட்டவில்லை.

மனம் ஒட்டியது ஆலமரத்தில். பல நூற்றாண்டு கண்ட மரம். 1989 புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் நின்றுவிட்டன. இன்று போனால் நடுவில் மரம் இல்லை, சுற்றிலும் மரம். அந்த நடு இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு அணில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஓடியது.

மாலை ஆட்டோவில் பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஈதர் கதையை 'ம்' கொட்டிக் கேட்டார். அப்புறம், சைவ சித்தாந்த வகுப்பில் படித்த 'உண்மை விளக்கம்' நூலைத் தன் பாஷையில் சொன்னார். "மண்ணு தாங்கும். தண்ணி பதமாக்கும். நெருப்பு சுட்டு ஒண்ணு சேர்க்கும். காத்து திரட்டும். ஆகாசம் இடம் கொடுக்கும். அவ்வளவுதான்டா அதோட வேலை."

திருவான்மியூர் சிவன் மருந்தீஸ்வரர் மேற்குப் பார்த்தவர். வெள்ளத்தால் கிழக்குப் பக்கம் வர முடியாத அப்பைய தீட்சிதர் என்ற சிவபக்தருக்காகத் திரும்பிக்கொண்டார் என்பார்கள். நாங்கள் உள்ளே போனபோது நந்திக்குப் பால் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. கொம்புகளின் நடுவே விழுந்த பால் நெற்றியில் இரண்டாகப் பிரிந்து, கண்ணைச் சுற்றிக்கொண்டு, தாடையில் சொட்டியது. அருகம்புல் மாலை நனைந்து கரும்பச்சையாகிவிட்டது. கால் வைக்க இடம் இல்லை. பெரியம்மாவால் தரையில் உட்கார முடியாது. மண்டபத்து மேடை விளிம்பில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மாள், பூக்கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினார். "இங்க வாங்கம்மா, ஒரு ஆளுக்கு இடம் இருக்கு." இல்லை. நான் பார்த்தபோது இல்லை. ஆனால் பெரியம்மா உட்கார்ந்துவிட்டார்.

தீபாராதனை முடிந்து, ஓதுவார் மைக்கைப் பிடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி, மைக், விளக்கு எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கின. ஒரு நொடி ஒருவரும் பேசவில்லை. ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக் இல்லாமலே எடுத்தார். சம்பந்தர் இந்தத் தலத்துக்கே பாடிய பதிகம். "விரையார் கொன்றையினாய் விடமுண்ட மிடற்றினனே..."

குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் தூண் தூணாகப் போய்த் தொட்டுத் திரும்பி வந்தது. மண்டபம் எவ்வளவு ஆழம், கூரை எவ்வளவு உயரம் என்று இருட்டில் காதுக்குத் தெரிந்தது. மணிவாசகர் போற்றித் திருஅகவலில் "பாரிடை ஐந்தாய்ப் பரந்தாய் போற்றி" என்று தொடங்கி, நீரில் நான்கு, தீயில் மூன்று, வளியில் இரண்டு என்று குறைத்துக்கொண்டே வந்து, "வெளியிடை ஒன்றாய் விளைந்தாய் போற்றி" என்று முடிப்பார். மண்ணுக்கு மணம், சுவை, உருவம், ஊறு என்கிற தொடுவுணர்வு, ஓசை ஐந்தும் உண்டு. வெளிக்கு மிச்சம் ஓசை ஒன்றுதான். நம் பழைய தத்துவப் பிரிவுகளில் ஒன்றான வைசேடிகரும் ஓசையை ஆகாசத்தின் குணம் என்றே சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கண்ணாடி ஜாடிக்குள் மணியை வைத்துக் காற்றை உறிஞ்சி, ஓசை தேய்ந்துபோவதைக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் ஓசை காற்றுக்குச் சொந்தம். வைசேடிகர் சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த இருட்டில் எனக்குக் கேட்டது ஓதுவாரின் குரல் மட்டும் இல்லை, அந்தக் குரலுக்கு மண்டபம் விட்டுக்கொடுத்த இடமும்தான்.

நான்காவது பாட்டில் கரண்ட் வந்துவிட்டது. மைக் ஒருமுறை கீச்சிட்டது. கூட்டம் மறுபடி பேசத் தொடங்கியது. சுவாமி புறப்பாடு மூன்று சுற்று முடிந்ததும், தொன்னையில் காப்பரிசி வாங்கி வந்து பெரியம்மாவிடம் கொடுத்தேன். பாதியைப் பூக்கூடை அம்மாளுக்குத் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அந்தச் சிதம்பரம் டிக்கெட் கேன்சல் பண்ணினியே, காசு வந்துடுச்சாடா?"