23ஆம் நாள்: கோமாளி மீன் அனிமோனுக்குள் போய்விட்டது

இன்று காலை விளக்கைப் போட்டதும் பார்த்தேன், பெரிய மீன் அனிமோனின் (பாறையில் ஒட்டி வாழும், கொட்டும் கைகள் கொண்ட கடல் உயிரி) கைகளுக்கு நடுவே படுத்திருந்தது. 23 நாள் காத்திருந்தது இதற்குத்தான். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

தொட்டி 200 லிட்டர். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. சென்னை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் ஆகாது. மீன்கள் இரண்டும் பண்ணையில் பொரித்த ஒசெல்லாரிஸ் என்ற கோமாளி மீன் வகை. அவை வந்து ஏழு மாதம் கழித்துத்தான் அனிமோன் வாங்கினேன். புதுத் தொட்டியில் அது பிழைக்காது, தண்ணீர் நிலைப்படவேண்டும்.

வாங்கியது பபுள் டிப் என்ற அனிமோன் வகை. கடலில் ஒசெல்லாரிஸ் இதில் குடியிருப்பதில்லை. மேக்னிஃபிகா, ஜைஜாண்டியா, மெர்டென்சி என்ற மூன்று அனிமோன்கள்தான் அதன் வீடுகள். அவற்றை வீட்டுத் தொட்டியில் காப்பாற்றுவது கடினம் என்பதால் இதை எடுத்தேன். என் மீன்களோ பிறந்ததிலிருந்து எந்த அனிமோனையும் பார்த்ததில்லை. அதனால் சேருமா என்ற பயம் இருந்தது.

முதல் நாள் பாறை இடுக்கில் வைத்தேன். இரவில் நகர ஆரம்பித்தது. 4ஆம் நாள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் மோட்டார் பக்கம் போய், இரண்டு கைகள் உள்ளே இழுபட்டுக் கிழிந்துவிட்டன. பதறிப்போய் மோட்டாரை நிறுத்தி, ஸ்பாஞ்ச் கட்டினேன். அனிமோன் வாங்கும் முன்பே இதைச் செய்திருக்கவேண்டும், நீங்களாவது செய்துவிடுங்கள். காயம் தானாக ஆறியது. 9ஆம் நாள் அது வெளிச்சம் நன்றாக விழும் பொந்தில் காலூன்றியது. அதன் உடலுக்குள் வாழும் பாசிதான் ஒளியிலிருந்து உணவு செய்து தருகிறது, எனவே இடத்தை அதுவே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மீன்கள் மட்டும் ஹீட்டர் பக்கத்திலேயே தூங்கின. வலையில் பிடித்து உள்ளே தள்ளலாமா என்று இரண்டு தடவை கை துறுதுறுத்தது. தள்ளவில்லை.

21ஆம் நாள் பெரியது வாலால் ஒரு கையைத் தொட்டு, வெடுக்கென்று விலகியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. அப்புறம் வயிறு, பக்கத் துடுப்பு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக நின்றது. வேறு மீனாக இருந்தால் அனிமோனின் கொட்டும் செல்கள் பாய்ந்திருக்கும். கோமாளி மீனின் உடல் சளியில் சியாலிக் அமிலம் மிகக் குறைவாம். கொட்டும் செல்களைத் தூண்டும் பொருள்களில் அதுவும் ஒன்று. படித்தபோது புரிந்ததைவிட, கண்ணால் பார்த்தபோது அதிகம் புரிந்தது.

இன்று மதியம் இறால் துண்டு போட்டேன். பெரியது அதைக் கவ்விக்கொண்டு நேராக அனிமோனின் வாய்க்குக் கொண்டுபோனது! யாரும் கற்றுத்தரவில்லை. மீன் கழிக்கும் அம்மோனியாவும் உள்ளே இருக்கும் பாசிக்கு உரமாகப் போகும். இரவில் மீன் துடுப்பை அசைப்பதால் கைகளுக்கிடையில் தண்ணீர் ஓடி, ஆக்சிஜனும் கிடைக்கும்.

சின்னது இன்னும் வெளியேதான் இருக்கிறது. பெரியது பெண், சின்னது ஆண். கிட்டே வந்தால் அவள் விரட்டுகிறாள், அது உடம்பை நடுக்கிப் பணிந்து காட்டிவிட்டு ஓரத்தில் நிற்கிறது. சாயங்காலம் அதன் வால் நுனி ஒரு கையில் பட்டது. வெடுக்கென்று விலகியது.


நாளைக்கும் விளக்கைப் போட்டதும் அதைத்தான் முதலில் தேடுவேன்.