மூளை நீர்க்கட்டி எம்.ஆர்.ஐ: பெயர் சொல்லும் முன் கேட்க வேண்டிய படங்கள்

ரேடியாலஜி வைவாவுக்குத் (வாய்மொழித் தேர்வுக்குத்) தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாதிரித் தேர்வில் நான் சறுக்கிய இடம் மூளை நீர்க்கட்டிதான். திரையில் ஒரே ஒரு டி2 படம், அதாவது நீர் வெள்ளையாகத் தெரியும் எம்.ஆர்.ஐ படம். சிறுமூளைக்கும் பான்ஸுக்கும் (மூளைத்தண்டின் நடுப்பகுதி) நடுவே உள்ள மூலையில் தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி. "அராக்னாய்டு சிஸ்ட்" (மூளை உறைக்குள் நீர் தேங்கிய கட்டி) என்று உடனே சொல்லிவிட்டேன். தேர்வாளர் எதுவும் பேசாமல் அடுத்த படத்தைப் போட்டார். டிஃப்யூஷன், நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் படம். கட்டி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அது எபிடெர்மாய்டு, தோல் செல்களிலிருந்து உருவாகும் கட்டி.

நோய்களின் பட்டியல் எனக்கு மனப்பாடம். எந்தப் படத்தை எப்போது கேட்பது என்பதுதான் தெரியவில்லை. அதன் பிறகு படிக்கும் முறையையே மாற்றினேன். ஒவ்வொரு கட்டிக்கும் மூன்று கேள்விகள்: மூளைத் திசுவுக்குள்ளா, வெளியிலா, வென்ட்ரிக்கிளுக்குள்ளா (மூளைக்குள் இருக்கும் நீர் நிறைந்த அறை)? உள்ளே இருப்பது அசல் மூளைத் தண்டுவட நீர்தானா? சுவரிலோ உள்ளேயோ வேறு ஏதாவது தெரிகிறதா?

இரண்டாவது கேள்விக்கு ஃபிளேர்தான் பதில் சொல்லும். மூளைத் தண்டுவட நீரின் சிக்னலை மட்டும் அடக்கிவிடுகிற படம் அது. அராக்னாய்டு சிஸ்ட்டுக்குள் இருப்பது அந்த நீரேதான் என்பதால் கட்டி முழுக்கக் கறுத்துவிடும். எபிடெர்மாய்டுக்குள் கெரட்டினும் கொலஸ்ட்ராலும் அடைந்து கிடக்கும். அதனால் அது முழுசாகக் கறுக்காமல் கலங்கல் தண்ணீர்போல் நிற்கும். டி1 (நீர் கறுப்பாகத் தெரியும் படம்), டி2 இரண்டிலும் ஒன்றுபோலத் தெரிகிற இந்த இரண்டும் பிரிவது இங்கேதான். ரத்தக் குழாய்களையும் பாருங்கள். அராக்னாய்டு அவற்றைத் தள்ளிவிடும்; எபிடெர்மாய்டு அவற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு இடுக்குகளில் எல்லாம் நுழையும். அறுவை சிகிச்சை செய்பவருக்கு நம் அறிக்கையில் மிகவும் தேவைப்படும் வரி இதுதான்.

டிஃப்யூஷனில் வெள்ளையாக இருந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். "ஏடிசி மேப் காட்டுங்கள்" என்று நீங்களாகவே கேளுங்கள். நீர் எவ்வளவு எளிதாக அசைகிறது என்பதை மட்டும் அளந்து காட்டும் படம் அது. எபிடெர்மாய்டின் வெண்மையில் டி2 சிக்னலின் பங்கும் உண்டு. அதன் ஏடிசி நீரைவிடக் குறைவாக, ஏறக்குறைய மூளைத் திசுவை ஒட்டியே இருக்கும். சீழ்க்கட்டியில் கதை வேறு. கெட்டியான சீழில் நீர் மூலக்கூறுகள் அசைய முடியாததால் டிஃப்யூஷனில் வெள்ளையாகவும் ஏடிசியில் கறுப்பாகவும் வரும். நடு அழுகிப்போன புற்றுக்கட்டியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் கொடுத்தால் இரண்டுமே வளையமாகத் தெரியும் என்பதால், அந்த வளையத்தை மட்டும் நம்பிப் பதில் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு நியூரோசிஸ்டிசெர்கோசிஸைவிடச் சிறந்த பாடம் இல்லை. நாடாப்புழுவின் இளம்பருவம் மூளைக்குள் கட்டியாகத் தங்குகிறது. மெல்லிய சுவர், உள்ளே நீர், ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை, ஸ்கோலெக்ஸ். டி2வில் நீரின் வெண்மையில் அது மறைந்துவிடலாம். ஃபிளேரிலும் மெல்லிய வெட்டுப் படங்களிலும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். முதன்முதலாக அதை நானே கண்டுபிடித்த அன்று படத்தை விட்டு எழுந்திருக்க மனமே வரவில்லை. புழு உயிரோடு இருக்கும் வரை சுற்றிலும் வீக்கம் அதிகம் இருக்காது. அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் எதிர்த்துப் போராடும். நீர் கலங்கும், சுவர் கான்ட்ராஸ்ட்டில் மின்னும், சுற்றிலும் வீக்கம் பரவும். வலிப்பு வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். பிறகு கட்டி சுருங்கி, கடைசியில் சுண்ணாம்புப் புள்ளியாக மிஞ்சும். நான்கு நிலைகளையும் இப்படி ஒரு கதையாகப் படித்தால் பெயர்கள் தானாக நினைவில் நிற்கும்.

கொழுப்பு உள்ள பிறவிக் கட்டியான டெர்மாய்டுக்கு நேரம் அதிகம் வேண்டாம். நடுக்கோட்டை ஒட்டிய இடம், டி1இல் கொழுப்பின் வெண்மை, கொழுப்பை அடக்கும் படத்தில் அது கறுத்துப்போவது. வெடித்திருந்தால் மூளை மடிப்புகளில் கொழுப்புத் துளிகள் சிதறியிருக்கும்.

ஜெல் போன்ற பொருள் நிறைந்த கொலாய்டு சிஸ்ட்டை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாம் வென்ட்ரிக்கிளின் முன்பகுதிக் கூரையில், பக்கவாட்டு வென்ட்ரிக்கிள்களிலிருந்து நீர் வந்து சேரும் மன்ரோ துளையருகே உருண்டையாக இருக்கும். அதன் சிக்னல் ஆளுக்கு ஆள் மாறும். சில சமயம் மூளைத் திசுவின் நிறத்திலேயே இருந்து கண்ணை ஏமாற்றும். சிடியில் பெரும்பாலும் வெண்மையாகத் தெரிவது அப்போது கைகொடுக்கும். அளவில் சிறியதாக இருந்தாலும் நீர் போகும் வழியை அடைத்து, திடீரென உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பக்கவாட்டு வென்ட்ரிக்கிள்கள் விரிந்திருக்கின்றனவா என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

உண்மையான தேர்வில் எனக்கு வந்தது இந்தக் கட்டிதான். இடம், சிக்னல், விரிந்த வென்ட்ரிக்கிள்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். "அறிக்கை எழுதும் முன்பே, அனுப்பிய மருத்துவருக்கு போன் செய்வேன்" என்றேன். தேர்வாளர் தலையசைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.