ஆக்சிஜன் இல்லாமலும் ஓடும் செல்

லிஃப்ட் ஓடவில்லை, அவசரத்தில் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன், மேலே போய் நின்றபோது தொடை இரண்டும் எரிந்தன.

தசைக்கு வேண்டிய வேகத்தில் ஆக்சிஜன் வரவில்லை. ஆனாலும் கால் நிற்கவில்லையே!

செல் குளுக்கோஸை பைருவேட் என்ற சிறு மூலக்கூறாக உடைக்கும்போதே 2 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) கிடைத்துவிடும், அதற்கு ஆக்சிஜன் வேண்டாம். (இருந்தால் சுமார் 30 கிடைக்கும், அது வேறு விஷயம்.)

சிக்கல் என்னவென்றால், இந்த உடைப்புக்கு என்ஏடி என்ற மூலக்கூறு வேண்டும், அது எலக்ட்ரான்களை வாங்கி வாங்கி நிரம்பிவிடும். அப்புறம் எல்லாம் நின்றுபோகும். அதனால் செல் அந்த எலக்ட்ரான்களை பைருவேட்டின் தலையிலேயே கட்டிவிடுகிறது. அப்படி வருவதுதான் லாக்டேட், நாம் பேச்சில் லாக்டிக் அமிலம் என்பது. இதுதான் நொதித்தல். அதன் வேலையே என்ஏடியைக் காலி செய்து திருப்பித் தருவதுதான், அந்தப் படியில் தனியாக ஆற்றல் எதுவும் வராது.

ஈஸ்ட் இதையே ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடுமாக முடிக்கிறது.

மறுநாள் வரும் தசை வலிக்கும் லாக்டிக் அமிலத்தையே திட்டுகிறோம், பாவம். அது அதற்கு வெகு முன்பே ரத்தத்திலிருந்து போய்விடும், இதயத் தசை அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்ளும்.

எனக்கு வியப்பு சிவப்பணுதான். உடல் முழுக்க ஆக்சிஜன் சுமக்கிறது, ஆனால் ஆக்சிஜனை வைத்து ஆற்றல் எடுக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் ஆற்றலுக்கு அதைத் தொடவே முடியாது. ஆயுள் முழுக்க நொதித்தல்தான். அது தள்ளும் லாக்டேட்டைக் கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கி அனுப்புகிறது.