கமால் பலகை: 8 விரலுக்கு மேல் முரண்டு பிடிக்கும் முடிச்சுகள்

கமால் என்பது நடுவில் முடிச்சிட்ட சரம் கட்டிய சிறு மரப்பலகை; முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ்விளிம்பைக் கடல் விளிம்பிலும் மேல்விளிம்பை வடதுருவ நட்சத்திரத்திலும் பொருத்தினால், அது எத்தனை ‘விரல்’ உயரத்தில் இருக்கிறது என்றும், அதிலிருந்து நாம் இருக்கும் அட்சரேகையும் தெரியும். 4 முதல் 8 விரல் வரை நான் செய்த கமால் அருமையாக வேலை செய்கிறது. அதற்கு மேல் சண்டித்தனம்தான்.

பலகை 6 செ.மீ. உயரம், 4 மி.மீ. கனம். ஒரு விரல் (அரபு மாலுமிகளின் இஸ்பா) என்பதற்கு 1 டிகிரி 36 நிமிடத்துக்குச் சற்று மேல் என்ற கணக்கு. வட்டத்துக்கு 224 விரல். அரபு மாலுமி சுலைமான் அல்-மஹ்ரியின் 210 விரல் கணக்கை எடுத்தால் முடிச்செல்லாம் இடம் மாறும், இரண்டையும் கலக்கவே கூடாது.

பலகை உயரத்தில் பாதியை அரைக்கோணத்தின் டேனால் (tan) வகுத்தால் கண்ணிலிருந்து இருக்கவேண்டிய தூரம் கிடைக்கும். 4 விரலுக்கு 53.4 செ.மீ., 5-க்கு 42.7, 6-க்கு 35.6, 8-க்கு 26.6, 11-க்கு 19.3, 12-க்கு 17.7. வம்பு இந்த வரிசையிலேயே இருக்கிறது. 4-க்கும் 5-க்கும் நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடம். 11-க்கும் 12-க்கும் நடுவே 1.6 செ.மீ.தான். முடிச்சு 3 மி.மீ. தள்ளிப்போனால் முதல் இடத்தில் அட்சரேகையில் 3 கடல் மைலுக்குள் பிழை (கோணத்தில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல்), கடைசியில் சுமார் 18 மைல். போதாக்குறைக்கு 18 செ.மீ.யில் பிடித்த பலகையின் விளிம்பு கண்ணுக்கு மங்கல், நட்சத்திரம் மட்டும் தெளிவு.

பல்லில் கடித்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. கணக்கு கண்ணிலிருந்து, சரமோ வாயிலிருந்து. கண் சில செ.மீ. மேலே, கொஞ்சம் உள்ளே. 50 செ.மீ.யில் இது பெரிதாகத் தெரியாது, 20-க்குக் கீழே வந்ததும் சரம் சாய்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஆளுக்கு ஆள் முகம் வேறு என்பதால் இங்கே சூத்திரத்தை நம்பிப் பயனில்லை, சுவரில் ஒப்பிட்டே கட்டவேண்டும். சுவரிலிருந்து கண்ணுக்குச் சரியாக 5 மீட்டர். தரையில் உட்கார்ந்து கண் மட்டத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே 56.3 செ.மீ.யில் 4 விரல், 85-இல் 6, 114-இல் 8, 144-இல் 10, 175-இல் 12. நின்றுகொண்டு பார்த்தால் கடைசிக் கோடு கூரைக்குப் போய்விடும். கீழ்விளிம்பைக் கண்மட்டக் கோட்டிலும் மேல்விளிம்பை வேண்டிய கோட்டிலும் பொருத்தி, பல் கடித்த இடத்தில் பேனாப்புள்ளி. முடிச்சு சரத்தைத் தின்னும்; பலகைப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக இறுக்கி, அடுத்ததை மறுபடி அளக்கவேண்டும். எல்லாப் புள்ளியையும் முதலிலேயே வைத்துவிட்டு முடிச்சுப் போட்டால் பிழை கூடிக்கொண்டே போகும்.

சரத்துக்குப் பருத்தி ஆகாது, ஈரத்தில் நீளம் மாறும். நைலான் இழுத்தால் நீளும். தோல் தைப்பவர்கள் வாங்கும் மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல்தான் சரிப்பட்டது. மரத்துக்குக் கருங்காலி தேடி அலையவேண்டாம்; தச்சுப் பட்டறையில் கழிக்கும் தேக்குத் துண்டு போதும். ஒட்டுப்பலகை வேண்டாம், விளிம்பு பிசிறும். வார்னிஷ் அடித்தால் நிலவொளியில் மினுக்கும்.

வடதுருவ நட்சத்திரம் இன்று துருவத்துக்கு ஏறத்தாழ 0.6 டிகிரிக்குள் இருப்பதால் நமக்குச் சுலபம். அரபு மாலுமி இப்னு மாஜித் எழுதிய 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது சுமார் மூன்றரை டிகிரி தள்ளி இருந்தது. அதனால்தான் அது துருவத்துக்கு நேர் கீழே வரும் நேரத்துக்குக் காத்திருந்து அளந்தார்கள். கோழிக்கோட்டில் இன்று சராசரி 7 விரல். அன்று அந்தத் தாழ்ந்த நிலையில் கணக்குப்படி 5-க்குச் சற்றுக் குறைவு. பழைய அரபு அட்டவணையை இன்றைய வானத்தோடு ஒப்பிட்டு “பொருந்தவில்லையே” என்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

9 முதல் 12 வரை சரத்தை விட்டுவிட்டு சீன வழிக்குப் போவதாகத் திட்டம். மிங் காலக் குறிப்பொன்றில் 12 கருங்காலிப் பலகைகள், மூலைகள் வெட்டிய ஒரு தந்தத் துண்டு என்று ஒரு தொகுப்பு வருகிறது. அங்கும் அளவு விரல்தான். தூரம் மாறாது, பலகைதான் மாறும். 60 செ.மீ. வைத்தால் 12 விரலுக்கு 20.4 செ.மீ. பலகை, இடைவெளியும் ஏறத்தாழ சீராக வரும், விளிம்பும் தெளிவாகத் தெரியும். தந்தத்துக்குப் பதில் மாட்டுக்கொம்பு பார்க்கவேண்டும்.

அதற்கு முன் 6-ஆம் முடிச்சைக் கடலில் சோதிப்பது பாக்கி. வடக்கே கடல் விளிம்பு தெரியவேண்டும்; கிழக்கு பார்த்த கரைகள் உதவாது. ராமேசுவரம் தீவின் வடகரை பாக் விரிகுடாவைப் பார்த்தது, அங்கே சுமார் 5.8 விரல். பருத்தித்துறையில் 6.1. கடல் விளிம்பும் நட்சத்திரமும் சேர்ந்து தெரிவது அந்தி மங்கலில் கொஞ்ச நேரமே. தவறினால் நிலவு வேண்டும்.